இரண்டு திரையில் ஒரு கடல்: மொனிட்டர் வோல்பேப்பர் பிழைகளும் வைத்தியமும்

வெள்ளவத்தையில் மாமா வீட்டு முன்னறை. மேசையில் 15.6 அங்குல லெப்டொப், பக்கத்தில் 24 அங்குல மொனிட்டர். சின்னத் திரையில் கொழும்புப் பங்குச் சந்தையின் விலைகள் ஓடும், பெரியதில் மாமாவின் எக்செல் கணக்கு. பிற்பகல் இரண்டரைக்குச் சந்தை மூடியதும் இரண்டும் வெறிச்சென்று இருக்கும். மகள் காலிமுகத்திடலில் பொழுதுபடும் நேரம் எடுத்த கடல் படத்தை இரண்டு திரைக்கும் குறுக்கே விரித்துவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை. விரித்தும் விட்டார். அப்புறம் எனக்குக் கோல் வந்தது: “தம்பி, கடல் உடைஞ்சு போச்சு. ஒருக்கா வந்து பார்.”

அன்று பார்த்ததையும், தெரிந்தவர்கள் வீடுகளில் வேறு நாட்களில் பார்த்ததையும் சேர்த்து, குறியை வைத்து நோயைக் கண்டுபிடிக்கிற மாதிரி எழுதுகிறேன். விண்டோஸ் 11 தான் அடிப்படை. 10 இலும் பெரும்பாலும் இதே வழிதான். கடைசியில் மக், லினக்ஸ் பற்றிக் கொஞ்சம்.

எல்லோரும் செய்கிற முதல் பிழை, படத்தை மாற்றி மாற்றிப் பார்ப்பது. படத்தில் குற்றம் இருப்பது அபூர்வம். விண்டோஸ் உங்கள் திரைகளை எப்படி நினைத்துக்கொண்டிருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். டெஸ்க்டொப்பில் வெறும் இடத்தில் ரைட் கிளிக் செய்து ‘டிஸ்ப்ளே செட்டிங்ஸ்’ போனால் மேலே 1, 2 என்று பெட்டிகள் தெரியும். ‘ஐடென்டிஃபை’ பட்டனை அமத்தினால் ஒவ்வொரு திரையிலும் அதன் இலக்கம் பெரிதாக வரும். இடப்பக்கம் இருப்பதுதான் 1 என்று நினைக்க வேண்டாம், அப்படி ஒரு சட்டமும் இல்லை. அந்த இலக்கங்களை ஒரு துண்டில் குறித்துக்கொண்டு கீழே வாருங்கள்.

“ரெண்டிலயும் ஒரே படம்தான் வருது”

இது பிழையே அல்ல. ‘பெர்சனலைஸ்’ போய் ‘பேக்ரவுண்ட்’ பகுதியில் ஒரு படத்தைச் சாதாரணமாகக் கிளிக் செய்தால் விண்டோஸ் அதை எல்லாத் திரைக்கும் போட்டுவிடும். தனித்தனியாக வேண்டுமென்றால் ‘ரீசன்ட் இமேஜஸ்’ வரிசையில் இருக்கும் சின்னப் படத்தின் மேல் ரைட் கிளிக் செய்யுங்கள். ‘செட் ஃபோர் ஓல் மொனிட்டர்ஸ்’, ‘செட் ஃபோர் மொனிட்டர் 1’, ‘செட் ஃபோர் மொனிட்டர் 2’ என்று வரும். இந்த வசதி விண்டோஸ் 8 வந்த 2012 இலிருந்து உள்ளேயே இருக்கிறது. ரைட் கிளிக்குக்குள் ஒளித்து வைத்திருப்பதால்தான் பாதிப் பேருக்குத் தெரிவதில்லை. புதுப் படம் அந்த வரிசையில் இல்லையென்றால் ‘பிரவுஸ்’ கொடுத்து ஒரு தடவை எடுத்துவிடுங்கள். அது முதலில் எல்லாத் திரையிலும் ஏறும், பரவாயில்லை. பிறகு ரைட் கிளிக்கில் பிரித்துக்கொள்ளலாம்.

“ரைட் கிளிக் பண்ணினன், மொனிட்டர் 2 எண்டு ஒண்டும் வரேல்ல”

இரண்டு காரணங்களில் ஒன்று.

விண்டோஸ் கீயையும் பி (P) எழுத்தையும் சேர்த்து அமத்துங்கள். ‘டூப்ளிகேட்’ என்று இருந்தால் விண்டோஸைப் பொறுத்தவரை உங்களிடம் இருப்பது ஒரே ஒரு டெஸ்க்டொப்தான், இரண்டாவது திரை அதன் நிழல். ‘எக்ஸ்டென்ட்’ ஆக மாற்றுங்கள். புரொஜெக்டரில் ஏதாவது காட்டிவிட்டு வந்த லெப்டொப்களில் இது அடிக்கடி நடக்கும்.

அது சரியாக இருந்தால் பேக்ரவுண்ட் பக்கத்தின் மேலே ‘பிக்சர்’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். ‘ஸ்லைட்ஷோ’ தெரிவாகியிருந்தால் ரீசன்ட் இமேஜஸ் வரிசையே இராது. ஸ்லைட்ஷோ ஒரே ஃபோல்டரிலிருந்து எடுத்து ஒவ்வொரு திரைக்கும் வேறுவேறு படம் போடும். திரைக்கு ஒரு ஃபோல்டர் என்று விண்டோஸ் பிரித்துத் தராது. அது வேண்டுமென்றால் டிஸ்ப்ளேஃபியூஷன் போன்ற மென்பொருள் ஒன்று தேவை.

“கடல் உடைஞ்சு போச்சு”

இதுதான் மாமாவின் நோய். கொஞ்சம் ஆறுதலாகப் பார்ப்போம்.

ஒரு படத்தை எல்லாத் திரைக்கும் குறுக்கே விரிப்பதற்கு பேக்ரவுண்ட் பக்கத்தில் ‘ஃபிட்’ தெரிவுகளில் ‘ஸ்பான்’ என்று ஒன்று உண்டு. மாமா அதைச் சரியாகவே தெரிந்தெடுத்திருந்தார். ஆனாலும் அடிவானம் லெப்டொப்பில் ஓர் உயரத்திலும் மொனிட்டரில் இன்னோர் உயரத்திலும் நின்றது. அடிவானக் கோடு இரக்கமில்லாதது. மரமோ முகிலோ என்றால் நாலு விரல் விலகினாலும் யாருக்கும் தெரியாது. கடல் காட்டிக்கொடுத்துவிடும்.

முதல் சோதனைக்கு ஒரு மென்பொருளும் வேண்டாம். மவுசை ஒரு திரையிலிருந்து மற்றதற்கு நேராகக் குறுக்கே கொண்டுபோங்கள். அம்பு எல்லையைத் தாண்டும்போது மேலே அல்லது கீழே குதித்தால், விண்டோஸ் நினைத்திருக்கும் உயரமும் மேசையில் இருக்கும் உயரமும் வேறு. டிஸ்ப்ளே செட்டிங்ஸில் அந்தப் பெட்டிகளை மவுசால் இழுத்து, மேசையில் இருப்பது போலவே ஒன்றை மேலேயும் மற்றதைக் கீழேயும் வைத்து ‘அப்ளை’ கொடுங்கள். மாமாவின் கணினியில் இரண்டு பெட்டியும் மேல் விளிம்பு ஒட்டியபடி இருந்தன. மேசையில் லெப்டொப் திரை மொனிட்டரைவிடக் கீழே இறங்கி நிற்கிறது.

எவ்வளவு இறக்குவது? அடிமட்டத்தை எடுத்தோம். 24 அங்குல மொனிட்டரின் படப் பரப்பு கிட்டத்தட்ட 53 சென்ரிமீற்றர் அகலம், 1920 பிக்சல். அதாவது ஒரு சென்ரிமீற்றருக்குச் சுமார் 36 பிக்சல். லெப்டொப் திரையின் கீழ் விளிம்பு மொனிட்டரின் கீழ் விளிம்பைவிட 5 சென்ரிமீற்றர் தாழ்வாக இருந்தது. 5 ஐ 36 ஆல் பெருக்கினால் 180 பிக்சல்.

இங்கேதான் படத்தின் அளவுக் கணக்கும் மாறுகிறது. லெப்டொப் 1366×768, மொனிட்டர் 1920×1080. அகலத்தைக் கூட்டினால் 3286. உயரம் 1080 என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். அல்ல. ஸ்பான், எல்லாத் திரைகளையும் சுற்றி ஒரு பெரிய செவ்வகக் கட்டம் போட்டால் எவ்வளவு வருமோ அவ்வளவுக்குப் படத்தை விரிக்கும். லெப்டொப் 180 பிக்சல் கீழே தொங்குவதால் கட்டத்தின் உயரம் 1260. ஆகவே படம் 3286×1260 ஆக இருக்க வேண்டும். லெப்டொப்புக்கு மேலே 492 பிக்சலும் மொனிட்டருக்குக் கீழே 180 பிக்சலும் யாருக்கும் தெரியாத இடம். முக்கியமான முகம் ஏதும் அங்கே விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். படம் இந்த அளவில் இல்லையென்றால் விண்டோஸ் தன்பாட்டில் பெருப்பித்துக்கொள்ளும், பிறகு கோடு எங்கே போகும் என்று சொல்ல முடியாது.

இரண்டும் ஒரே மாதிரி 1920×1080 மொனிட்டர், ஒரே உயரம் என்றால் இந்தக் கரைச்சல் ஒன்றும் இல்லை. 3840×1080 படம், ஸ்பான், வேலை முடிந்தது.

இதைச் சரிசெய்த பிறகும் மாமா தலையைச் சாய்த்துப் பார்த்தார். “கோடு நேரா வந்திட்டுது, ஆனா ஏதோ ஒரு மாதிரி இருக்கு.” அவர் சொன்னது சரி. இரண்டு விஷயம் மிச்சம் இருந்தது.

ஒன்று, இரண்டு திரைக்கும் இடையில் இருக்கும் சட்டம். லெப்டொப் விளிம்பு, மொனிட்டர் விளிம்பு, நடுவில் இடைவெளி எல்லாம் சேர்த்து 3 சென்ரிமீற்றர். ஸ்பான் அது இல்லை என்பது போல நடந்துகொள்ளும். எல்லையில் நிற்கும் ஆள் மூன்று சென்ரிமீற்றர் தடித்துப் போவார்.

மற்றது, பிக்சலின் பருமன். மாமாவின் லெப்டொப்பில் சென்ரிமீற்றருக்கு 40 பிக்சல் வரை வரும், மொனிட்டரில் 36. வித்தியாசம் சிறிது. அதே 15.6 அங்குலத்தில் முழு எச்டி திரை என்றால் 55 ஐத் தாண்டும். அப்போது மொனிட்டரில் பெரிதாக இருக்கும் படகு லெப்டொப்புக்குள் நுழைந்ததும் மூன்றில் இரண்டு பங்காகச் சுருங்கிவிடும். இதை எந்த ஃபிட் தெரிவும் சரிசெய்யாது.

என் வழி, ஸ்பானையே கைவிட்டு, படத்தை நாமே வெட்டித் திரைக்கு ஒரு துண்டாகப் போடுவது. படம் வெட்டித் திருத்தும் மென்பொருளான கிம்ப் இலவசம், அது போதும். மொனிட்டரின் 36 பிக்சலை அளவுகோலாக வைத்தோம். லெப்டொப் திரை 34.5 சென்ரிமீற்றர் அகலம், அதனால் அதற்கான துண்டு 1242×698. இடையில் 3 சென்ரிமீற்றருக்கு 108 பிக்சலை வீச வேண்டும். மொனிட்டர் துண்டு 1920×1080. ஆக முழுப் படம் 3270×1260. அதிலிருந்து இடது கீழ் மூலையில் லெப்டொப் துண்டையும் வலது மேல் மூலையில் மொனிட்டர் துண்டையும் வெட்டி எடுத்து, லெப்டொப் துண்டை மட்டும் 1366×768 ஆகப் பெருப்பித்தோம். பிறகு ஃபிட்டை ‘ஃபில்’ ஆக்கி, முன்னர் சொன்ன ரைட் கிளிக் முறையில் ஒவ்வொன்றாகப் போட்டோம். கடல் சட்டத்துக்குப் பின்னால் ஓடி அடுத்த பக்கம் வெளியே வந்தது, ஜன்னலுக்கு வெளியே பார்ப்பது போல. அரை மணித்தியாலமும் ஒரு பிளேன்ரீயும் செலவு.

கணக்கு வேண்டாம் என்பவர்களுக்கு சூப்பர்பேப்பர் என்று ஓர் இலவச, திறந்த மூல மென்பொருள் இருக்கிறது. திரையின் அங்குலத்தையும் சட்டத்தின் அளவையும் கொடுத்தால் இதே வேலையை அது செய்யும். மொனிட்டரை அடிக்கடி நகர்த்துபவர்களுக்கு அதுதான் நல்லது. கையால் வெட்டிய படம், மேசையில் மொனிட்டரை யாராவது தூசு தட்டி நகர்த்தும் வரைதான் தாங்கும்.

“படம் மங்கலா இருக்கு”

படம் எப்படி வந்தது என்று கேளுங்கள். வட்ஸ்அப்பில் வந்தது என்றால் விடை கிடைத்துவிட்டது. வழக்கமான தரத்தில் அனுப்பும் படத்தை அது நீளப் பக்கம் சுமார் 1600 பிக்சலுக்குச் சுருக்கிவிடும். அதை 3286 க்கு இழுத்தால் மங்காமல் என்ன செய்யும்? படமாக அனுப்பாமல் ‘டொக்கியுமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள், அப்போது முழு அளவில் வரும். மாமாவின் மகளும் அப்படித்தான் இரண்டாம் முறை அனுப்பினாள்.

மூலப் படம் நல்லது, ஆனாலும் வானத்தின் நிறமாற்றத்தில் படிபடியாகக் கோடு தெரிகிறது என்றால், ஜேபெக் படங்களை வோல்பேப்பராகப் போடும்போது விண்டோஸ் அவற்றைக் கிட்டத்தட்ட 85 சதவீதத் தரத்துக்கு மறுபடி அமுக்குவதுதான் காரணம். விண்டோஸ் தன் உள் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் இதை 100 ஆக்க ஒரு வழி உண்டு. ரெஜிஸ்ட்ரியில் கை வைத்துப் பழக்கமில்லாதவர்கள் இந்தச் சின்னக் குறைக்காக அங்கே போக வேண்டாம் என்பது என் கருத்து.

ஒரு திரையில் மட்டும் மங்கல், எழுத்தும் சேர்ந்து மங்கல் என்றால் அது வோல்பேப்பர் விஷயமே அல்ல. டிஸ்ப்ளே செட்டிங்ஸில் அந்தத் திரையின் ரெசொலூஷனுக்குப் பக்கத்தில் ‘ரெக்கமெண்டட்’ என்று இருக்கிறதா பாருங்கள். பாவித்த பழைய மொனிட்டரை எச்டிஎம்ஐ–விஜிஏ அடப்டர் மூலம் இணைப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருக்கும். அடப்டர் மட்டமானது என்றால் மொனிட்டர் தன் அளவைச் சொல்வது கணினிக்குப் போய்ச் சேராது, விண்டோஸ் 1024×768 என்று ஒரு குத்துமதிப்பில் ஓடும். நான் வாங்கிய ஒரு அடப்டர் இரண்டு வாரம்கூட இந்த வேலையைச் செய்யவில்லை. மொனிட்டரில் நேரடி எச்டிஎம்ஐ அல்லது டிவிஐ வாய் இருந்தால் அதைப் பாவியுங்கள். யூனிட்டி பிளாசாவுக்கோ புறக்கோட்டைக்கோ கேபிள் வாங்கப் போகுமுன் மொனிட்டரின் பின்பக்கத்தை ஃபோனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு போனால் இரண்டாம் பயணம் மிச்சம்.

“ஓரம் வெட்டுப்படுது” அல்லது “ஒரு பக்கம் கறுப்புக் கோடு”

இரண்டாவது திரை டிவி என்றால் ஓரம் வெட்டுவது டிவிதான். டிவியின் ரிமோட்டில் படத்தின் அளவு பற்றிய மெனுவுக்குப் போய் ‘ஜஸ்ட் ஸ்கான்’, ‘ஸ்க்ரீன் ஃபிட்’ போன்ற பெயரில் இருப்பதைத் தெரிந்தெடுங்கள். விஜிஏ கேபிளில் ஓடும் மொனிட்டரில் ஒரு பக்கம் கறுப்புக் கோடு என்றால் மொனிட்டரிலேயே ‘ஓட்டோ அட்ஜஸ்ட்’ என்று ஒரு பட்டன் இருக்கும். வோல்பேப்பர் தெரியும்போது அதை அமத்துங்கள். வெறும் கறுப்புத் திரையில் அமத்தினால் மொனிட்டருக்கு விளிம்பு எது என்று தெரியாது.

“படத்தைக் காணேல்ல, கறுப்பா நிக்குது”

முதலில், படம் வைத்த இடத்திலேயே இருக்கிறதா? பென் டிரைவிலிருந்து போட்டுவிட்டு அதைக் கழற்றிக்கொண்டு போனவர்கள் உண்டு. ஸ்லைட்ஷோ ஃபோல்டரை வேறு இடத்துக்கு மாற்றியவர்களும் உண்டு. வோல்பேப்பருக்கென்று ‘பிக்சர்ஸ்’ ஃபோல்டருக்குள் ஒரு தனி ஃபோல்டர் வைத்துக்கொள்வது நல்லது.

இடது ஆல்ட், இடது ஷிஃப்ட், பிரின்ட் ஸ்க்ரீன் மூன்றையும் தவறுதலாகச் சேர்த்து அமத்தினால் அதிமாறுபட்ட நிறத் தீம் ஒன்று வந்து படம் மறைந்துவிடும். வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் இதை முதலில் சந்தேகியுங்கள். அதே மூன்றையும் திரும்ப அமத்தினால் போய்விடும். கண்ட்ரோல் பனலில் ‘ஈஸ் ஒஃப் அக்சஸ்’ பகுதியில் ‘ரிமூவ் பேக்ரவுண்ட் இமேஜஸ்’ என்று ஒரு பெட்டியும் உண்டு, அதில் சரி போட்டிருக்கக் கூடாது.

இரண்டும் இல்லையென்றால் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் அமத்தி டாஸ்க் மனேஜரைத் திறந்து, ‘விண்டோஸ் எக்ஸ்ப்ளோரர்’ மேல் ரைட் கிளிக் செய்து ‘ரீஸ்டார்ட்’ கொடுங்கள். டாஸ்க்பார் ஒரு கணம் மறைந்து வரும், பயப்பட வேண்டாம். இன்னும் கறுப்புத்தான் என்றால், உங்கள் யூசர் ஃபோல்டரில் மறைந்திருக்கும் ‘அப்டேட்டா’ (AppData) ஃபோல்டருக்குள் ரோமிங், மைக்ரோசொஃப்ட், விண்டோஸ், தீம்ஸ் என்று வரிசையாக உள்ளே போனால் ‘டிரான்ஸ்கோடட் வோல்பேப்பர்’ என்று ஒரு ஃபைல் இருக்கும். விண்டோஸ் எடுத்து வைத்த பிரதி அது. அதை அழித்துவிட்டுப் படத்தைப் புதிதாகப் போடுங்கள்.

சில வேளை குற்றம் உங்களுடையதே அல்ல. 2020 ஜனவரியில் விண்டோஸ் 7 க்கான ஆதரவு முடிந்தபோது வந்த கடைசி அப்டேட், ‘ஸ்ட்ரெட்ச்’ முறையில் போட்ட வோல்பேப்பர்களைக் கறுப்பாக்கிவிட்டது. ஆதரவு முடிந்த பிறகும் மைக்ரோசொஃப்ட் அதற்கென்று இன்னொரு திருத்தம் வெளியிட வேண்டி வந்தது.

“கரண்ட் போய் வந்தபிறகு படம் மாறிக் கிடக்கு”

2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த காலத்தில் எனக்கு அதிகம் வந்த கேள்வி இது. இன்றும் மழைக்காலத்தில் வரும்.

கரண்ட் போனதும் மொனிட்டர் அணையும், லெப்டொப் பற்றரியில் ஓடும். டிஸ்ப்ளேபோர்ட் கேபிள் என்றால் மொனிட்டர் அணைந்ததுமே பல கணினிகள் அதைக் கழற்றிவிட்டதாகவே எடுத்துக்கொள்ளும். கரண்ட் வந்ததும் விண்டோஸ் மொனிட்டரை அடையாளம் கண்டு பழைய படத்தைத் திரும்பப் போட வேண்டும். பெரும்பாலும் போடும். ஒரே மொடல் மொனிட்டர் இரண்டு வைத்திருப்பவர்களுக்குத்தான் வில்லங்கம். எந்த மொனிட்டர் என்பதோடு எந்த வாயில் செருகியிருக்கிறது என்பதும் அந்த அடையாளத்தில் சேரும். கழற்றிச் செருகும்போது கேபிள் இடம் மாறினால் படமும் மாறும். கேபிள் முனையிலும் வாய்க்குப் பக்கத்திலும் ஒரே நிற ஸ்டிக்கர் ஒட்டுங்கள். மொனிட்டரின் மெனுவில் ‘ஓட்டோ இன்புட்’ இருந்தால் அதை நிறுத்தி, கேபிள் இருக்கும் வாயை நிரந்தரமாகத் தெரிந்தெடுத்து வையுங்கள்.

திரை வந்தும் படம் பாதியில் நின்றால் விண்டோஸ் கீ, கண்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) எழுத்து நான்கையும் சேர்த்து அமத்திப் பாருங்கள். கிராபிக்ஸ் டிரைவர் மறுபடி தொடங்கும், திறந்திருக்கும் வேலை அழியாது.

மின்வெட்டு நேரத்தில் ஸ்லைட்ஷோ மட்டும் நின்றுவிடுகிறது என்றால் அது பற்றரியைக் காக்கிற ஏற்பாடு. பேக்ரவுண்ட் பக்கத்தில் பற்றரியிலும் ஓட விடும் பொத்தான் இருக்கிறது. நான் போட மாட்டேன்.

“ஒரு மொனிட்டர் நிமிர்த்தி வச்சிருக்கு, படம் கன்னாபின்னா எண்டு வருது”

ஃபிட் தெரிவு எல்லாத் திரைக்கும் பொது. ஒன்றுக்கு ‘ஃபில்’, மற்றதற்கு ‘சென்டர்’ என்று விண்டோஸ் தராது. நிமிர்ந்த திரைக்கு 1080×1920 ஆக நீங்களே ஒரு படம் வெட்டுங்கள். தாமரைக் கோபுரம் இதற்கென்றே கட்டியது போல இருக்கும்.

“எல்லாம் சாம்பல் நிறமா இருக்கு, அமத்த முடியேல்ல”

வேலைத்தலத்து லெப்டொப் என்றால் உங்கள் நிறுவனம் பூட்டியிருக்கிறது. மேலே அதற்கான அறிவிப்பும் இருக்கும். ஐடி பிரிவில் கேளுங்கள், வேறு குறுக்கு வழி தேட வேண்டாம். வீட்டுக் கணினி என்றால் விண்டோஸ் அக்டிவேட் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். ஆகாத விண்டோஸில் பெர்சனலைஸ் பகுதி பூட்டியே இருக்கும்.

மக், லினக்ஸ் வைத்திருப்பவர்கள்

மக்கில் ‘சிஸ்டம் செட்டிங்ஸ்’ போய் ‘வோல்பேப்பர்’ பகுதியில் திரையைத் தெரிந்தெடுத்துப் படம் போடலாம். ஒரு ஸ்பேஸில் (மக்கில் மாறி மாறிப் பார்க்கும் தனித்தனி டெஸ்க்டொப்) மாறியது மற்றதில் மாறவில்லை என்றால் ‘ஷோ ஒன் ஓல் ஸ்பேசஸ்’ அணைந்திருக்கிறது. லினக்ஸின் டெஸ்க்டொப் வகைகளில் ஒன்றான கேடிஈ பிளாஸ்மாவில் எந்தத் திரைக்கு வேண்டுமோ அந்தத் திரையிலேயே ரைட் கிளிக் செய்தால் போதும், இவ்வளவு நேரமும் நான் எழுதியதில் பாதி அங்கே தேவையே இல்லை. இன்னொரு வகையான க்னோமில் திரைக்கு ஒரு படம் என்ற வசதி செட்டிங்ஸில் கிடையாது. ஹைட்ராபேப்பர் என்ற மென்பொருளை நிறுவினால் அது இரண்டு படத்தையும் ஒட்டி ஒன்றாக்கி க்னோமுக்குக் கொடுக்கும்.